பக்கத்து வீட்டு எக்ஸ்டென்ஷனுக்கு ஆட்சேபம் எழுதுவது எப்படி? (இங்கிலாந்து)

எங்கள் தெரு விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் நனைந்து தொங்கியது. பூனையைக் காணவில்லை என்ற அறிவிப்பாக்கும் என்று சில நாள் கடந்துபோனேன். பக்கத்து வீட்டில் பின்பக்கமாக இரண்டு மாடி நீட்டிக் கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். கருத்துச் சொல்ல வழக்கமாக 21 நாள்தான். ஆகவே முதல் வேலை, விண்ணப்ப எண்ணையும் கடைசித் தேதியையும் குறித்துக்கொள்வது.

அன்றிரவே கொதிப்போடு எழுதினேன். என் வீட்டின் விலை விழும், காட்சி மறையும், அவர் வேலி விஷயத்திலேயே மோசமான ஆள். மைத்துனர் வாசித்துவிட்டு, "இதில் ஒன்றுகூட எடுபடாது அத்தான்" என்றார். உண்மைதான். வெளிச்சம் குறைவது, உங்கள் அறைக்குள் பார்வை விழுவது, இரைச்சல், போக்குவரத்து, பார்க்கிங், கட்டடத்தின் பருமன், இவைதான் எடுபடும். கடிதம் பொதுவில் வெளியாகும் என்பதால் வசைகளையும் வெட்டிவிடுங்கள்.

பிறகு, அனுமதி கொடுக்கும் உள்ளூராட்சி அமைப்பான கவுன்சிலின் தளத்திலிருந்து வரைபடத்தை இறக்கினேன். ஏ3 தாளுக்கு வரைந்ததை ஏ4-இல் அச்சிட்டு, ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பொய்யாக அளந்துகொண்டிருந்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பல கவுன்சில்கள் 45 பாகை விதியைப் பார்க்கின்றன: உங்கள் அறை ஜன்னலின் நடுவிலிருந்து அந்தக் கோணத்தில் கோடு இழுத்தால் புதிய சுவர் அதைத் தாண்டக்கூடாது. எங்களுடையதைத் தாண்டியது. அதையும், எங்கே எதைக் கட்டலாம் என்று உங்கள் கவுன்சில் வகுத்த திட்டத்தில் அது மீறும் கொள்கையின் எண்ணையும் எழுதினால் போதும். ஒரே கடிதத்தை இருபது பேர் நகலெடுத்து அனுப்பினாலும் காரணம் ஒன்றுதான்.

சட்டம் மாறுகிறதே, இனி இந்த உரிமை இருக்குமா என்று பலர் கேட்கிறார்கள். 2020-இல் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அதாவது சட்டமாக்க நினைத்த யோசனைகளின் தொகுப்பு, சில பகுதிகளில் கட்டட அனுமதியைக் கவுன்சிலின் திட்டத்தோடு சேர்த்தே தரப் பார்த்தது. எதிர்ப்பு எழுந்து கைவிடப்பட்டது. அரசின் 2025 மே மாத முன்மொழிவு வேறு வகை. அதன்படி ஆட்சேபிக்கலாம், ஆனால் இப்படியான வீட்டு விண்ணப்பங்களை எப்போதும் கவுன்சில் அதிகாரியே தீர்மானிப்பார், கவுன்சிலர்களின் குழுவுக்குப் போகாது. இப்போதே பெரும்பாலானவை அப்படித்தான் முடிகின்றன. எனவே குழுவின் முன் எழுந்து பேசிக்கொள்ளலாம் என்று எதையும் மிச்சம் வைக்காதீர்கள். மறுக்கப்பட்டால் விண்ணப்பித்தவர் மேன்முறையீடு செய்யலாம். அனுமதி கிடைத்துவிட்டால் உங்களுக்கு அந்த வழி இல்லை. சட்டப் பிழை இருந்தால் மட்டும் நீதிமன்றம், அதுவும் ஆறு வாரத்துக்குள்.

எங்கள் விஷயத்தில் மேல்மாடியைச் சுருக்கிய திருத்த வரைபடம் வந்தது. இம்முறை ஏ3-இலேயே அச்சிட்டு அளந்தேன். சுவர் கோட்டுக்கு உள்ளே நின்றது. இரண்டாவது கடிதம் எழுதவில்லை.