பெங்களூர்ல இருந்து ஒரே நாள்ல ராயக்கோட்டை மலை ஏறிட்டு வரலாம்: முதல் தடவை போறவங்களுக்கு

வீக்எண்ட் வந்தா பெங்களூர்ல பாதி பேரு நந்தி ஹில்ஸ்ல இருப்பாங்க, மீதி பேரு நந்தி ஹில்ஸ் போற டிராஃபிக்ல இருப்பாங்க. மலை ஏறிப் பழகணும்னு ஆசைப்படறவங்க யாரு கேட்டாலும் நான் சொல்றது அதுக்கு நேர் எதிர்ப்பக்கம், ஓசூர் தாண்டி ராயக்கோட்டை. கிருஷ்ணகிரி மாவட்டம், ஊருக்குப் பக்கத்துலயே பாறை மலை, மேல பழைய கோட்டை. கைடு வேணாம், டென்ட் வேணாம், காலைல கிளம்பினா சாயங்காலம் வீட்டுல காபி குடிக்கலாம். இதுல கஷ்டமே மலை இல்ல, டைம் தான். அத மட்டும் சரியா போட்டுட்டா மத்தது தானா நடக்கும்.

ஸ்டெப் 1: எப்ப போகணும்

டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி வரைக்கும் அருமையா இருக்கும். மார்ச்ல இருந்து மே வரை வேணாம், பத்து மணிக்கு மேல பாறை தோசைக்கல்லு மாதிரி கொதிக்கும். அக்டோபர், நவம்பர்ல மழை, ஈரப் பாறை ஆரம்பத்துல பழகறவங்களுக்கு ஆகாது, இடி இடிச்சா மொட்டைப் பாறை மேல ஒதுங்கவும் இடம் கிடையாது.

இன்னொண்ணு, யானை. ராகி அறுவடை சமயத்துல பன்னேர்கட்டா, ஜவளகிரி காட்டுப் பக்கம் இருந்து கூட்டம் கூட்டமா இந்தப் பக்கம் இறங்கும், ஓசூர் ரோட்டுல இருக்கற சானமாவு காடு, ராயக்கோட்டை பக்கம் ஊடேதுர்கம் காடு ரெண்டுலயும் வந்து தங்கும். பகல்ல காட்டுக்குள்ள நிக்கும், இருட்டினதும் வயலுக்கு வரும். அதனால எந்த மாசம் போனாலும் வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறிடணும், சன்செட் பாத்துட்டுத்தான் இறங்குவேன்னு அடம் பிடிக்காதீங்க.

ஸ்டெப் 2: ரெண்டு வாரம் முன்னாடியே கால தயார் பண்ணுங்க

லிஃப்ட விட்டுட்டு படி ஏறுங்க, அவ்வளவுதான். நாலு மாடி நிக்காம ஏறி இறங்கி, பேசினா மூச்சு வாங்காம இருந்தா போதும். முக்கியமா இறங்கிப் பழகுங்க, ஏறும்போது நெஞ்சு தான் கத்தும், மறுநாள் வலிக்கறது இறங்கின தொடை.

ஸ்டெப் 3: பை

ஆளுக்கு ரெண்டரை லிட்டர் தண்ணி, மேல சுனைத் தண்ணிய நம்பிப் போகாதீங்க. ரெண்டு ஓஆர்எஸ் பாக்கெட், தொப்பி, பேண்டேஜ், சில்லறைக் காசு, மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணின போன். சாப்பாட்டுக்கு புளியோதரை தான் பெஸ்ட், தயிர் சாதம் மதியத்துக்குள்ள புளிச்சிடும். குரங்கு இருக்கலாம், பிளாஸ்டிக் கவர் சத்தம் கேட்டாலே வந்து நிக்கும், அதனால டப்பாவுல போட்டு பைக்குள்ள வைங்க. சென்ட் அடிச்சுட்டு வராதீங்க, பாறை இடுக்குல மலைத்தேனீ கூடு இருந்தா வம்பு.

ஷூ புதுசா வாங்கணும்னு இல்ல, அடியில கிரிப் தேயாம இருந்தா போதும். புது ஷூ வாங்கினாலும் ஒரு வாரம் ஆபீஸ்க்கு போட்டுட்டு அப்புறம் மலைக்குப் போடுங்க.

ஸ்டெப் 4: போய்ச் சேர்றது

மெட்ரோ மஞ்சள் லைன் 2025 ஆகஸ்ட்ல ஓட ஆரம்பிச்சதுல இருந்து ஆர்.வி. ரோடுல ஏறி பொம்மசந்திரா வரைக்கும் டிராஃபிக் இல்லாம போய், அங்க ஓசூர் பஸ் ஏறிக்கலாம், ஆனா ஞாயித்துக்கிழமை மெட்ரோ லேட்டாத்தான் தொடங்கும், அன்னிக்கு சில்க் போர்டுல நேரா ஓசூர் பஸ் பிடிங்க. அத்திப்பள்ளி தாண்டினா தமிழ்நாடு. ஓசூர் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி ராயக்கோட்டை பஸ் மாறணும், சுமார் 30 கிலோமீட்டர், உத்தனப்பள்ளி வழியா போகும். லேடீஸ்க்கு ஒரு விஷயம்: அத்திப்பள்ளி வரைக்கும் பிஎம்டிசி (பெங்களூர் சிட்டி பஸ்) ஆர்டினரி பஸ்ல ஃப்ரீயா போக கர்நாடகா அட்ரஸ் இருக்கற ஐடி காட்டணும், இந்தப் பக்கம் தமிழ்நாடு டவுன் பஸ்ல ஃப்ரீயா போக எந்த கார்டும் வேணாம்.

ஓசூர்–சேலம் லைன்ல ராயக்கோட்டைக்கு ஸ்டேஷனும் இருக்கு, ரயிலுதான் அழகு, ஆனா வண்டிங்க கம்மி, டைம் ஒத்து வந்தா மட்டும் யோசிங்க.

ஒன்பது மணிக்குள்ள ராயக்கோட்டைல இறங்கற மாதிரி கிளம்புங்க. தக்காளிக்குப் பேர்போன ஊரு, மார்க்கெட்ல கிரேட் கிரேட்டா அடுக்கி வெச்சு காய் தனி, பழம் தனின்னு பிரிச்சிட்டு இருப்பாங்க. அங்கயே டீ, டிபன் முடிச்சுட்டு கோட்டைக்கு வழி கேளுங்க. தமிழ், தெலுங்கு, கன்னடம் எதுல கேட்டாலும் பதில் வரும், சில சமயம் ஒரே வாக்கியத்துல மூணும் வரும்.

ஸ்டெப் 5: ஏறறது

முதல் பத்து நிமிஷம் வேணும்னே மெதுவா போங்க. எல்லாரும் ஆரம்பத்துல ஓடுவாங்க, பாதில உக்காந்து ரீல்ஸ் பாப்பாங்க. அரை மணிக்கு ஒரு தடவை நின்னு நாலு மடக்கு தண்ணி குடிங்க, தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காதீங்க. நிதானமா ஏறி, நின்னு வேடிக்கை பாத்து, மேல போக ஒண்ணரை மணி நேரம் ஒதுக்கிக்கோங்க. பெரிய பாறை பயமில்ல, அது மேல தூவி விட்ட மாதிரி கிடக்கற சரளை மண்ணு தான் ஆள வழுக்கி விடும். ஒரு காலு நல்லா ஊனிச்சான்னு பாத்துட்டு அப்புறம் அடுத்த கால எடுங்க. புதர்லயும் கல்லு இடுக்குலயும் கண்ண மூடிட்டு கைய விடாதீங்க, பாம்பு இருக்கலாம்.

மேல கோட்டை மதில், இடிஞ்ச கட்டடங்க, சுத்தி மலை, கீழ வயலு. இந்த இடத்தோட கதை தெரிஞ்சு நின்னா நல்லா இருக்கும். மூணாவது மைசூர் போர்ல, 1791-ல ஈஸ்ட் இந்தியா கம்பெனி படையோட மேஜர் கௌடி இந்தக் கோட்டைய திப்பு ஆளுங்ககிட்ட இருந்து பிடிச்சாரு. 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்துல பாராமகால் (இந்த கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துக்கு அப்ப பேரு) கம்பெனி கைக்குப் போக, அடுத்த ஏழு வருஷம் இந்த மலை தான் எல்லை, ஒரு பக்கம் கம்பெனி, இன்னொரு பக்கம் திப்பு. 1799 மார்ச்ல கம்பெனியோட ஜெனரல் ஹாரிஸ் படை இந்த ராயக்கோட்டை பக்கமா வந்துதான் மைசூர் எல்லைக்குள்ள நுழைஞ்சுது, மே 4-ம் தேதி திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்துல இறந்துட்டாரு. இப்ப எல்லை அத்திப்பள்ளிக்குப் போயிடுச்சு, அங்க சண்டை டோலுக்கு மட்டும்தான்.

தொல்லியல் துறை பாதுகாக்கற இடம் இது, மதில் மேல ஏறி செல்ஃபி எடுக்காதீங்க, சுவத்துல பேரு கிறுக்கறவங்கள பாத்தா ரெண்டு வார்த்தை கேளுங்க.

ஸ்டெப் 6: இறங்கறது

கிளம்பறதுக்கு முன்னாடி ஷூ லேஸ அவுத்து திரும்பக் கட்டுங்க. ஏறும்போது கொஞ்சம் லூசா இருந்தா பரவால்ல, இறங்கும்போது குதிகால நல்லா பின்னாடி தள்ளி உக்கார வெச்சு, கணுக்கால் கிட்ட இழுத்து இறுக்கிக் கட்டணும், இல்லன்னா ஒவ்வொரு அடிக்கும் கட்டைவிரல் போய் முன்னாடி இடிச்சு நகம் கறுத்துடும். சரிவான பாறைல நேரா இறங்காம பக்கவாட்டுல, முட்டிய கொஞ்சம் மடக்கி, சின்னச் சின்ன அடியா வைங்க. ரொம்ப சரிவுன்னா உக்காந்து நகருங்க, பேண்ட் அழுக்கானா துவைச்சுக்கலாம். மூணு மணிக்குள்ள கீழ வந்துட்டா ஓசூர் பஸ்ஸுக்கு அவசரப்பட வேண்டாம்.

இது பழகினதும் காட்டுக்குள்ள போற டிரெக் ஆசை வரும். அங்க சும்மா போய் நிக்க முடியாது, 2018 மார்ச்ல தேனி பக்கம் குரங்கணில மலையேறப் போனவங்க காட்டுத்தீல செத்ததுக்கு அப்புறம் ரூல்ஸ் ரொம்ப கடுமை. தமிழ்நாட்டுல 2024 அக்டோபர்ல 40 பாதைகளோட 'டிரெக் தமிழ்நாடு'ங்கற ஆன்லைன் புக்கிங் திட்டம் ஆரம்பிச்சாங்க, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு குத்திராயன் இருக்கு. கர்நாடகா பக்கம்னா 'அரண்ய விஹாரா' சைட்ல புக் பண்ணணும். ரெண்டுலயும் வனத்துறை அனுமதியோட கைடு கூட வருவாரு. வெயில் காலத்துல தீ பயத்துக்கு பாதைகள மூடிடுவாங்க, அதனால லீவு போடறதுக்கு முன்னாடி சைட்ல தேதி திறந்திருக்கான்னு பாத்துக்கோங்க.