வேப்பங்கட்டையில் தாய்மைச் சிற்பம்: வயிற்றுக்கு ரேகை பார்த்து வையுங்கள்

டெல்டா பக்கம் கர்ப்பிணி உருவம் செதுக்க நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு வேம்பு. தஞ்சாவூர் வீணைக்கு ஆகும் பலாவும் நல்ல மரம்தான். ஆனால் மாரியம்மனின் மரத்தில் ஒரு தாயைச் செதுக்குவதில் தனி நிறைவு உண்டு. வேம்பை லேசில் பூச்சி அரிக்காது என்பதும் வசதி.

முக்கியமான விஷயம், முழு உருட்டுக்கட்டையில் உளி வைக்காதீர்கள். மரம் காயும்போது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைவிட, வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுமார் இரண்டு மடங்கு சுருங்கும். அதனால் நடுத்தண்டோடு, அதாவது வளையங்களின் மையத்தோடு, விட்ட கட்டை பிளந்துவிடும். அறுவை மில்லில் நடுத்தண்டை ஒதுக்கி, கனமான பலகையாக வாங்குங்கள். இரு முனைகளிலும் மெழுகோ பழைய பெயிண்டோ பூசி நிழலில் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அவசரமே கூடாது.

அப்புறம் வயிறு. பலகையின் நடுத்தண்டுப் பக்கம் முன்னால் வரும்படி வைத்துச் செதுக்குங்கள். வளைவு உருண்டு வர வர, வளையங்கள் வெட்டுப்பட்டுத் தெரியும் மர ரேகைகள் முட்டை வடிவில் ஒன்றுக்குள் ஒன்றாக, தொப்புளை நோக்கிக் குவியும். பட்டைப் பக்கம் வைத்தால் அதே ரேகைகள் அகன்று விரியும். அதுவும் அழகுதான், ஆனால் நிறைமாத வயிற்றுக்கு எனக்குப் பிடித்தது முதல் வகை.

வேம்பில் ரேகை அங்கங்கே திசை மாறும். சிராய் பெயர்ந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து உளி ஓட்டுங்கள். கடைசியில் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது உலராது. ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவித் துடைத்தால் போதும்.