மறுபடியும் புராஸ்டேட் பயாப்சியா? ஊசிக்கு முன்னும் பின்னும்

முதல் பயாப்சியில் (ஊசியால் புராஸ்டேட் சுரப்பியின் சதைத் துண்டுகளை எடுத்துச் சோதிப்பது) புற்று இல்லை, அந்தச் சுரப்பி சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு மட்டும் ரத்தத்தில் ஏறுகிறது. உடனே அடுத்த ஊசிக்கு நாள் குறிக்காமல் முதலில் அந்த எண்ணைச் சோதியுங்கள். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ஏறும். குணமாகி 6 வாரம் கழித்து அதே லேபில் பாருங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு மாத்திரைகளை 6 மாதத்துக்கு மேல் சாப்பிடுபவர் வரும் எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். இது தெரியாமல் ‘3 தானே’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு.

அடுத்தது அடர்த்தி, அதாவது பி.எஸ்.ஏ. எண்ணைச் சுரப்பியின் கொள்ளளவால் வகுத்தால் வருவது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் சுரப்பியின் மூன்று அளவும் செ.மீ.யில் இருக்கும். அவற்றையும் 0.52-ஐயும் பெருக்கினால் கொள்ளளவு. 5 × 4.5 × 4 × 0.52 = சுமார் 47 மி.லி. பி.எஸ்.ஏ. 6.2 என்றால் அடர்த்தி 0.13. அதே 6.2, 24 மி.லி. சுரப்பியில் 0.26 ஆகிவிடும். 0.15-ஐத் தாண்டினால் சந்தேகம் கூடும்.

எம்.ஆர்.ஐ. எடுக்காமல் இரண்டாவது ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள். பழைய ஊசியின் ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும் என்பதால் 6 முதல் 8 வாரம் இடைவெளி வேண்டும். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் புற்றுச் சந்தேகத்தை 1 முதல் 5 வரை சொல்லும் பை-ராட்ஸ் எண் 4, 5 என்றால் அந்த இடத்தைக் குறிவைத்து 3 முதல் 5 துண்டு, கூடவே வழக்கமான 12. எண் 1, 2 ஆகவும் அடர்த்தி குறைவாகவும் இருந்தால் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். குறியில்லாமல் 24 துண்டு எடுப்பதில் சிறுநீர் அடைப்பு அபாயம் கூடும். தொந்தரவே தராத சின்னப் புற்றும் அகப்பட்டு வீண் சிகிச்சையில் கொண்டுவிடும்.

வழியும் முக்கியம். மலக்குடல் வழி ஊசிக்குச் சுரப்பியின் முன்பக்கம் சரியாக எட்டாது. குடல் கிருமியும் ரத்தத்தில் ஏறலாம். சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் நம் நாட்டில் ஏராளம். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியே எடுத்தால் தொற்று குறைவு. மலக்குடல் வழிதான் என்றால் மலக்குடல் ஸ்வாப் கல்ச்சர் (அங்குள்ள கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்ற சோதனை), போவிடோன்-அயோடின் கிருமிநாசினியால் சுத்தம் இரண்டையும் கேளுங்கள். சிறுநீர் கல்ச்சர் எந்த வழிக்கும் வேண்டும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில் வார்ஃபரின் வழக்கமாக 5 நாள் முன்பும், குளோப்பிடோகிரல் 5 முதல் 7 நாள் முன்பும் நிறுத்துவார்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக்கூடாது.

மேல் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள் நாகர்கோவிலில் செய்த பயாப்சியின் ஸ்லைடு, சதைத் துண்டு பதிந்த மெழுகு பிளாக் இரண்டையும் கையோடு வாங்கிச் செல்லுங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது.

விந்தில் சில வாரம் ரத்தம் தெரிவது சாதாரணம். 100.4 டிகிரி காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீர் அடைப்பு சாதாரணமல்ல. பாராசிட்டமால் போட்டுப் படுக்கவும் வேண்டாம், ஊசி போட்ட ஊருக்கே ஓடவும் வேண்டாம். ராத்திரியானாலும் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் போல அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ‘பயாப்சி செய்து இத்தனை நாள்’ என்று முதலில் சொல்லுங்கள்.