லிஸ்ட்டைக் கொடுத்தேன், பில் காலியானது

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மளிகைக் கடைக்கு ஜாவாவில் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பில் என்று ஒரு கிளாஸ், அதாவது தகவலையும் அதன் வேலைகளையும் சேர்த்து வைக்கும் அச்சு. அதற்குள் வாங்கிய பொருள்களை வைக்க ஓர் அர்ரேலிஸ்ட், ஜாவாவின் லிஸ்ட் வகைகளில் ஒன்று. விற்பனைக் கணக்கு எடுக்க ரிப்போர்ட் என்று இன்னொரு கிளாஸ். ரிப்போர்ட் பட்டனை அழுத்திய பிறகு அதே பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தால், பொருள் ஒன்றுகூட இல்லாமல் மொத்தம் 0 ரூபாய் என்று வரும். அழுத்தாவிட்டால் ஒழுங்காக வரும். இரண்டு நாள் பிரிண்டரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட் கிளாஸின் கடைசி வரியில், அடுத்த தடவைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று, லிஸ்ட்டை கிளியர் செய்திருந்தேன். அது ரிப்போர்ட்டின் லிஸ்ட் என்று நினைப்பு. பில்லின் கெட்டரோ, அதாவது உள்ளே இருப்பதை வெளியே கொடுக்கும் மெத்தட், தன் லிஸ்ட்டை அப்படியே எடுத்துக் கொடுத்திருந்தது.

ஜாவாவில் ஒரு லிஸ்ட்டை இன்னொரு கிளாஸுக்கு அனுப்பினால் லிஸ்ட் நகலாவதில்லை, அது இருக்கும் இடத்தைக் காட்டும் ரெஃபரன்ஸ்தான் நகலாகிறது. வீட்டுச் சாவிக்கு டூப்ளிகேட் போட்டுக் கொடுத்த மாதிரி: சாவி இரண்டு, வீடு ஒன்று. பைத்தான், சி ஷார்ப்பிலும் இதே கதைதான். சி பிளஸ் பிளஸில் ஒரு வெக்டரை (அங்கே லிஸ்ட் மாதிரி) இன்னொன்றுக்கு ஒதுக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் நகலாகும். அங்கிருந்து வருபவர்கள் இங்கே தடுக்கி விழுவது சகஜம். லிஸ்ட்டின் பெயருக்கு முன்னால் ஃபைனல் என்று எழுதியிருக்கிறேனே என்று கேட்பவர்களும் உண்டு. ஃபைனல் போட்டால் அந்தப் பெயர் வேறு லிஸ்ட்டைக் காட்ட முடியாது, அவ்வளவுதான். உள்ளே சேர்ப்பதையும் அழிப்பதையும் அது தடுக்காது.

படிக்கிற பிள்ளைகள் செய்யும் தவறு இதற்கு நேர் எதிரானது. ஒரு கிளாஸில் மாணவர்களை எல்லாம் சேர்த்துவிட்டு, இன்னொரு கிளாஸில் நியூ போட்டு புதிதாக ஓர் ஆப்ஜெக்ட் (கிளாஸ் என்ற அச்சில் வார்த்தது) உண்டாக்கி, "சார், லிஸ்ட் காலியாக இருக்கிறது" என்பார்கள். நியூ என்றால் புது வீடு, அதில் யார் இருப்பார்கள்? அப்புறம் யாராவது ஸ்டாட்டிக் போடச் சொல்வார்கள், எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும் ஒரே லிஸ்ட் என்றாகிவிடும், வேலையும் செய்யும். எனக்கு இதுதான் ஆபத்தான வைத்தியமாகத் தெரிகிறது. கடைக்கு இரண்டாவது கிளை திறந்த அன்று இரண்டு கிளைக் கணக்கும் ஒரே லிஸ்ட்டில் போய்க் கலக்கும். புரோகிராம் தொடங்கும் மெயினில் ஓர் ஆப்ஜெக்ட்டை மட்டும் உண்டாக்கி, வேண்டிய கிளாஸ்களுக்கு கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உண்டாகும்போது ஓடும் பகுதி) வழியாகக் கொடுங்கள். இரண்டு வரி கூடுதலாக எழுத வேண்டும், பரவாயில்லை.

சரி, கெட்டரை எப்படி எழுதுவது? கலெக்‌ஷன்ஸ் கிளாஸில் உள்ள அன்மாடிஃபையபிள்லிஸ்ட்டில் சுற்றிக் கொடுப்பது பலருடைய பழக்கம். அது நகல் அல்ல, கண்ணாடி ஜன்னல். வாங்கியவரால் தொட முடியாது. ஆனால் பில் தன் லிஸ்ட்டை மாற்றினால் ஜன்னல் வழியே பார்ப்பவருக்கும் மாறித்தான் தெரியும். அந்த நேரத்து நிலை அப்படியே வேண்டுமென்றால் லிஸ்ட்டின் காப்பிஆஃப் மெத்தட் இருக்கிறது, 2018இல் ஜாவா 10உடன் வந்தது. உள்ளே ஒரு நல் (எதையும் காட்டாத வெற்று ரெஃபரன்ஸ்) இருந்தாலும் எக்ஸெப்ஷன் என்ற பிழையை எறிந்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கன்ஸ்ட்ரக்டரிலும் இதே கவனம் வேண்டும்: வெளியிலிருந்து வந்த லிஸ்ட்டை அப்படியே வைத்துக்கொண்டால், கொடுத்தவர் கையில் ஒரு சாவி தங்கிவிடுகிறது. நகல் எடுத்தால் வேகம் குறையுமே என்று கவலைப்பட வேண்டாம். இருபது பொருள் உள்ள பில்லில் இருபது ரெஃபரன்ஸ் நகலாகும், அவ்வளவுதான்.

அதே காரணத்தால் நகலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. லிஸ்ட் புதிது, உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட்கள் பழையவையே. என் புரோகிராமில் இதுவும் வந்தது. அரிசி விலையை 52இலிருந்து 56 ஆக மாற்றினோம். போன மாத பில்லைத் திறந்தால் அதிலும் 56. பில்லும் விலைப்பட்டியலும் ஒரே அரிசி ஆப்ஜெக்ட்டை வைத்திருந்தன. பில்லில் இருக்க வேண்டியது விற்ற அன்றைய விலை, எனவே பெயர், அளவு, விலை மூன்றையும் மாற்ற முடியாத தனி வரியாக வைத்தேன். ஜாவா 16 முதல் இதற்கு ரெக்கார்ட் என்ற, வைத்த மதிப்பை மாற்ற விடாத கிளாஸ் வகை போதும். ரெக்கார்டுக்குள்ளேயே ஒரு லிஸ்ட் இருந்தால் மட்டும் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஒரு கிளாஸ் லிஸ்ட்டில் ஒவ்வொன்றாகப் பார்த்து வரும்போது இன்னொன்று அதிலிருந்து ஒன்றை நீக்கினால் கன்கரன்ட்மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் வரும். பெயரைப் பார்த்து இது த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகள்) விவகாரம் என்று ஓடாதீர்கள், ஒரே த்ரெட்டிலும் வரும். அர்ரேலிஸ்ட்டை அப்படிப் பார்த்து வரும்போது கடைசிக்கு முந்தைய பொருளை நீக்கினால் மட்டும் சத்தமே இல்லாமல் லூப் முடிந்துவிடும், கடைசிப் பொருளைப் பார்க்காமலே. சோதித்துப் பார்த்தபோது அந்தப் பொருளே அமைந்துவிட்டால் தப்பு கடைக்குப் போய்த்தான் தெரியும்.

அந்த பில் கிளாஸில் கெட்டரையே கடைசியில் எடுத்துவிட்டேன். ரிப்போர்ட்டுக்கு வேண்டியது லிஸ்ட் அல்ல, மொத்தத் தொகை. அதைச் சொல்ல பில்லில் ஒரு மெத்தட் எழுதினேன். எடுத்ததும் மூன்று இடத்தில் கம்பைல் எரர் வந்தது. ஒன்று அந்த கிளியர் வரி. மற்ற இரண்டும் லிஸ்ட்டை விலைவாரியாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தன. பில்லில் பொருள்கள் ஏன் வரிசை மாறி வருகின்றன என்று கடைக்காரர் கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.