கோகோபீட்டும் கறுத்த தக்காளியும்

மேலிருந்து உரக் கரைசல் சொட்டும் ஹைட்ரோபோனிக் (மண்ணில்லா வளர்ப்பு) வாளிகள், வேர் ஊன்றும் ஊடகம் கோகோபீட் எனும் தென்னை நார்த்தூள். தக்காளிக் காய்களின் அடி கறுத்துக்கொண்டே வந்தது. கரைசலின் பி.எச். (அமில-காரத்தன்மை) 5.8, அதில் குறையில்லை. அடி கறுப்பது காய்க்குக் கால்சியம் போதாததன் அடையாளம் என்பதால் கால்சியத்தைக் கூட்டினேன், சொட்டும் இடைவெளியை மாற்றினேன்; பலனில்லை.

கரைசல் தொட்டியை அளப்பதை விட்டுவிட்டு, வாளியின் அடியில் வடியும் நீரை அளந்தபோதுதான் பிடிபட்டது. உள்ளே போகும் கரைசலின் இ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 1.8, வெளியே வருவது 3.2! கூடுதல் உப்பு கோகோபீட்டிலிருந்தே வந்தது. கோகோபீட்டை வெறும் நீரில் அலசினால் கரைந்த உப்பு மட்டுமே போகும். நாரோடு பிணைந்த சோடியமும் பொட்டாசியமும் தங்கிவிடும்; பிறகு நாம் ஊற்றும் கால்சியத்தை நார் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே தள்ளும். செடிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

புதிய கோகோபீட்டை, லிட்டருக்குச் சுமார் 4 கிராம் கால்சியம் நைட்ரேட் கலந்த நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, அலசி, பெர்லைட் (காற்றோட்டம் தரும் இலேசான வெண்ணிறக் கல்துகள்) சேர்த்து நிரப்பினேன். அடுத்த காய்கள் பழுதின்றி வந்தன. பொட்டலத்தில் ‘கழுவியது’ என்று அச்சிட்டிருந்தாலும் இனி ஊறவைக்காமல் விடுவதில்லை.