ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு ஒரு வருடம்

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்றைக்கு வகுப்பு வாசலில் நிற்கும் அம்மாக்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "டீச்சர், எப்போ எழுத ஆரம்பிப்பான்?" தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில், கத்தோலிக்க மறைமாவட்டம் நடத்தும் அரசு உதவிபெறும் ஆர்.சி. தொடக்கப்பள்ளியில் 22 வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். மணி அடிக்கும் நேரத்தில், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எழுத்து வரும். அதற்கு முன்னால் பிள்ளை காதால் நிறைய வாங்கிக்கொள்ளும், வாயால் நிறையச் சொல்லும். சொல்வதற்கு அர்த்தம் பின்னால்தான் வந்து சேரும். அதைக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் வீட்டில் இருக்கிறவர்களுக்கு வேலை இருக்கிறது.

மே மாதமே தொடங்குங்கள்

5 வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. அதற்குள் அ, ஆ தெரிந்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நான் பார்ப்பது வேறு. தன் கையால் சாப்பிடத் தெரியுமா? தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடத் தெரியுமா? "டீச்சர், ஒண்ணுக்கு வருது" என்று கூச்சப்படாமல் கேட்குமா?

2024 ஜூலை 15 முதல் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்துவிட்டது. காலையில் உப்புமா, கிச்சடி, புதன்கிழமை பொங்கல். மதியம் முட்டையோடு சத்துணவு. ஆக, ஒரு நாளில் இரண்டு வேளை பிள்ளை எங்களிடம் சாப்பிடுகிறது. ஊட்டியே பழகிய பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும். மே மாதம் முழுக்கத் தரையில் உட்காரவைத்துத் தட்டைக் கையில் கொடுங்கள். சிந்தட்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் இன்னொன்றும் உண்டு. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகில் போகும் அப்பாக்கள் அத்தனை நாளும் வீட்டில் இருப்பார்கள். பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே தடை முடிந்து அப்பா கடலுக்குப் போய்விடுவார். பிள்ளைக்குப் பகலில் வீடும் இல்லை, அப்பாவும் இல்லை. ஜூன் மூன்றாவது வாரத்தில் வரும் அழுகைக்குப் பள்ளிக்கூடம் மட்டும் காரணம் இல்லை. அதனால் முதல் நாளிலிருந்தே அம்மாவோ பாட்டியோ கொண்டுவந்து விட்டுப் பழக்குங்கள். அப்பா போன பிறகும் காலை வழக்கம் மாறாமல் இருக்கும்.

எதிரே அல்ல, பக்கத்தில்

கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் மாதம் கற்றுக்கொள்வது சிலுவை அடையாளம். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே, ஆமென்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகளைப் பார்த்து நின்றுதான் செய்து காட்டுவேன். ஒரு பையன் தினமும் இடது கையால், வலது தோளை முதலில் தொடுவான். கையைப் பிடித்து மாற்றிவிடுவேன். மறுநாளும் அப்படியே. ஒருநாள் கொஞ்சம் சத்தமாகவே அதட்டிவிட்டேன். அவன் அழவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டான், அவ்வளவுதான். வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வயதான சிஸ்டர் ஒருவர் உள்ளே வந்து, "அவன் உன்னைப் பார்த்து அப்படியே செய்யிறாம்மா. நீ எதுத்தாப்ல நிக்கிற, அவனுக்கு நீ கண்ணாடி" என்றார். பையன் எதையும் தப்பாகச் செய்யவில்லை. வகுப்பிலேயே என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்தது அவன்தான். அன்றிலிருந்து சிலுவை அடையாளம் சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைகளுக்கு முதுகு காட்டி நிற்கிறேன். என் கை போகிற பக்கம் அவர்கள் கையும் போகிறது.

வீட்டிலும் இதையே செய்யுங்கள். பிள்ளைக்குப் பக்கத்தில், இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்து உட்காருங்கள். செபத்துக்கு மட்டும் இல்லை. 'அ' எழுதுவதற்கும், சட்டைப் பட்டன் போடுவதற்கும், செருப்பு வாரை மாட்டுவதற்கும் இதுதான் வழி. இடது கையால் எழுதுகிற பிள்ளை என்றால் அப்படியே எழுதட்டும். சிலுவை போடுவது வலது கை என்பதற்காகப் பென்சிலையும் வலது கைக்கு மாற்ற வேண்டியதில்லை.

வாரத்துக்கு ஒரு வரி

காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, செபம், ஒரு குறள். வகுப்புக்குள் வந்தால் பாட்டு. ஆகஸ்ட் முடிவதற்குள் பிள்ளை இதையெல்லாம் கடகடவென்று ஒப்பிக்கும். வீட்டில் எல்லாருக்கும் பெருமையாக இருக்கும். அங்கேயே நிறுத்திவிடாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் என் வகுப்பில் ஒரு சிறுமி. அவள் அம்மா எங்கள் சத்துணவுக்கூடத்தில் சமையல். "எங்கள் அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும்" என்று எல்லாரும் சொல்லும்போது இவள் குரல் மட்டும் "எங்கள் அண்டா உணவை" என்று தெளிவாகக் கேட்கும். கூப்பிட்டு, "அண்டா உணவுன்னா என்னம்மா?" என்றேன். "எங்கம்மா ஆக்குற அண்டா டீச்சர். அதுல எல்லாருக்கும் சோறு இருக்கும்ல?" என்றாள்.

உடனே திருத்த எனக்கு மனசு வரவில்லை. அந்த வரி என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு சொல்தான் இடம் மாறியிருந்தது. மறுநாள் சத்துணவுக்கூடத்துக்கே கூட்டிப் போனேன். "இந்த அண்டாவுல இன்னைக்குச் சோறு இருக்கு. நாளைக்கும் வேணும், நாளான்னைக்கும் வேணும். தினமும்னு சொல்றதுக்கு 'அன்றாடம்'னு ஒரு சொல் இருக்கு" என்றேன். அண்டாவைத் தொட்டுக்கொண்டே "அன்றாட" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அதன்பிறகு தப்பவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியதும் இதுதான். செபமோ குறளோ பாட்டோ, வாரத்துக்கு ஒரே ஒரு வரியை எடுங்கள். "இதுக்கு என்ன அர்த்தம்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள், சிரித்துவிடாதீர்கள். அடுத்த நாள் வீட்டில் கண்ணில் படும் ஒரு பொருளைக் காட்டி அந்தச் சொல்லை உங்கள் பேச்சில் கொண்டுவாருங்கள். ஐந்து நிமிடம் போதும். ஆறாவது நிமிடத்தில் அது பாடம் ஆகிவிடும்.

பாட்டிமார் இருக்கும் வீட்டில் ஒரு சிக்கல் வரும். பாட்டி "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே" என்பார். பிள்ளை "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று படித்துக்கொண்டு வரும். "பாட்டி தப்பாச் சொல்றாங்க" என்று பிள்ளை வந்து நிற்கும். தப்பில்லை, அது பழைய வாசகம், இது புதியது என்று சொல்லி இரண்டையும் சொல்ல விடுங்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு சொல் உண்டு என்பது 5 வயதில் தெரிந்துகொள்ள நல்ல செய்தி. பிதா, தந்தை, அப்பா என்று நானே வகுப்பில் வரிசையாகச் சொல்ல வைப்பேன்.

இந்தக் கரையில் பிள்ளைகள் காதால் படிப்பது இன்று நேற்று வந்ததில்லை. 1542-இல் இங்கே வந்த புனித சவேரியார், தமிழ் தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, முதலில் தானே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, அவர் சொல்லச் சொல்ல அவர்களைத் திருப்பிச் சொல்ல வைத்தார். டிசம்பர் 3 அவர் திருநாள். அன்றைக்கு என் வகுப்பில் ஒரு பிள்ளை கைமணியோடு வரிசைக்கு முன்னால் நடக்கும்.

மற்ற சமயத்துப் பிள்ளைகள்

என் வகுப்பில் எந்த வருடமும் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. செபமும் வேதமும் சொல்லிக் கொடுக்கும் மறைக்கல்வி வகுப்பு கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு. அதே நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி. அரசு உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையைச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுக்குத் தயக்கம் இருந்தால் சேர்க்கும் அன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். மனசுக்குள் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் புலம்ப வேண்டாம்.

சமயம் பற்றிப் பிள்ளைகளுக்குள் வரும் பேச்சு பெரும்பாலும் அழகாகவே இருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று கோயிலில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தவனை, தினமும் திருநீறு பூசி வரும் பக்கத்துப் பையன் உற்றுப் பார்த்து, "உனக்கும் இன்னைக்கு உண்டா?" என்று கேட்டான். சாம்பல் எதற்கு என்று இரண்டு பேரும் அவரவர் வீட்டில் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். வந்து சொன்னார்கள். அன்றைய வகுப்பு அதுதான்.

எழுத்தும் எண்ணும்

அரசுப் பாடத்திட்டம்தான், மூன்று பருவமாக. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் இருக்கின்றன. "இன்னும் அரும்புதானா?" என்று கவலைப்படாதீர்கள், அரும்பு என்றால் மட்டம் என்று அர்த்தம் இல்லை.

கடற்கரை ஊரில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஈர மணலில் விரலால் எழுதட்டும். அடுத்து சிலேட்டு. பென்சில் கடைசி. எண்ணுவதற்குச் சிப்பி, புளியங்கொட்டை. ஏலக்கூடத்துக்குக் கூட்டிப்போனால் மீனைக் கூறு வைப்பதைப் பார்த்தே பிள்ளை கூட்டலைப் பிடித்துக்கொள்ளும். ல, ள, ழ மூன்றும் வாயில் சரியாக வருகிறதா என்று கேளுங்கள். வாயில் பிரியாத எழுத்து நோட்டில் பிரிந்து வராது.

நவம்பரும் டிசம்பரும்

எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆசை இரண்டாம் பருவத்தில்தான் வரும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், சுத்தம் செய்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவோம். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். போன வருடம் நான் என் அம்மா கல்லறையில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு கல்லறை தள்ளி என் வகுப்புச் சிறுமி குத்தவைத்து உட்கார்ந்து, கல்லில் வெட்டிய எழுத்தின் பள்ளத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். "ம... றை... வு." பிறகு நிமிர்ந்து, "அம்மா, தாத்தா பேர் இங்க எழுதிருக்கு" என்றாள். அந்தக் கல்லை அவள் எத்தனையோ தடவை பார்த்திருப்பாள், அன்றைக்குத்தான் படித்தாள். அவள் அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த மாதிரி நேரத்தில் "சரி, அடுத்த வார்த்தையைப் படி" என்று சொல்லாதீர்கள். தாத்தாவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்.

டிசம்பரில் இயேசு பிறந்த மாட்டுக்கொட்டிலைப் போல வீட்டில் குடில் வைப்போம். இதில் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள்: கேழ்வரகை ஊறவைத்து, மண் நிரப்பிய தகர டப்பாவில் தூவி, தினமும் தண்ணீர் தெளிப்பது. 12, 13 தேதி வாக்கில் விதைத்தால் கிறிஸ்துமஸுக்குள் பச்சைப் புல்லாக நிற்கும். முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியாது, பிள்ளை தோண்டிப் பார்க்கும். தோண்டிய இடத்தில் முளைக்காது; அதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். குழந்தை இயேசு சுரூபத்தை 24-ஆம் தேதி இரவு வரை எடுத்து வைத்திருங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் வரும் திருவருகைக் காலத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு மெழுகுவத்தி, இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணுவது: கழித்தல் கணக்கு இங்கேதான் முதலில் புரிகிறது.

தவக்காலத்திலிருந்து ஏப்ரல் வரை

தவக்காலத்தில் ஏழைகளுக்காக வகுப்பில் ஒரு உண்டியல் வைப்போம். பள்ளி வாசலில் பர்ஸைத் திறந்து பத்து ரூபாயைப் பிள்ளை கையில் திணிக்காதீர்கள். வாரத்தில் ஒருநாள் மிட்டாய் வாங்குகிற காசைப் போடலாமா என்று பிள்ளையிடமே கேளுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு ரூபாய் போட்டாலும் அது பிள்ளையே போட்டதாக இருக்கட்டும்.

புதுநன்மை, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்குவது, எப்போது என்று ஒன்றாம் வகுப்பிலேயே கேட்பவர்கள் உண்டு. எங்கள் பங்குக் கோயிலில் அது மூன்றாம், நான்காம் வகுப்பில். துணி எடுக்க இன்னும் நாள் இருக்கிறது.

ஏப்ரலில் பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதல் பருவப் புத்தகத்தை எடுத்துப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, ஜூனில் படம் மட்டும் பார்த்த பக்கத்தைத் திறந்து கொடுங்கள். எழுத்தின் கீழே விரலை வைத்துக்கொண்டுதான் படிக்கும். அந்த விரலைத் தட்டிவிடாதீர்கள். இரண்டாம் வகுப்பு பாதி வரைக்கும் அது வேண்டும்.