முப்பது பிள்ளைகளோடு வட்ட ஹல்லா: ரோஷ் ஹஷானாவுக்குப் பள்ளியில் பாண் சுடும் முறை

வடமேற்கு லண்டனில் ஒரு யூத ஆரம்பப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். 2023 செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமையே, "புதுவருடத்துக்குப் பிள்ளைகளோடு ஹல்லா சுடுவோம், உங்களுக்கு மா குழைக்க வருமா?" என்று மோரா கேட்டார். (மோரா என்றால் ஹீப்ருவில் ஆசிரியை. ரோஷ் ஹஷானா யூதர்களின் புதுவருடம், ஹல்லா அவர்கள் வெள்ளி இரவுக்கும் பண்டிகைக்கும் சுடும் பாண்.) யாழ்ப்பாணத்தில் பிறந்தவளிடம் மா குழைக்க வருமா என்று கேட்கலாமா? வீறாப்பாகத் தலையாட்டிவிட்டேன். பிறகு பட்ட பாட்டைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து "சல்லா" என்று வாசித்துவிடாதீர்கள். நான் வாசித்தேன், முப்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். தொண்டையிலிருந்து வரும் ஹ அது.

வழக்கமாக வெள்ளி இரவு மேசையில் ஹல்லா நீளப் பின்னலாக இருக்கும். ரோஷ் ஹஷானாவுக்கு மட்டும் வட்டம். வருடம் சுற்றி வருகிறது என்பார்கள், அரசனின் கிரீடம் என்றும் சொல்வார்கள். உப்பில் தொடுவதற்குப் பதிலாகத் தேனில் தொட்டுச் சாப்பிடுவார்கள். ஈஸ்ட் எப்படிப் பொங்கும், மா எப்போது பதம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வீட்டிலிருந்து எதுவும் கொண்டுபோகாதீர்கள்

நான் ஆசையாக என் பெரிய எவர்சில்வர் கோப்பையையும் முட்டை பூசும் தூரிகையையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். பள்ளிச் சமையலறை வாசலிலேயே பையைத் திரும்பக் கட்டவேண்டி வந்தது. கோஷர் (யூத உணவு விதிப்படியான) சமையலறையில் இறைச்சிக்கு ஒரு தொகுதிச் சாமான், பாலுக்கு ஒன்று, இரண்டும் சேராத பொதுவான பண்டத்துக்கு இன்னொன்று. இந்த மூன்றாவதைப் "பாரெவ்" என்பார்கள். எங்கள் பள்ளியில் சிவப்பு இறைச்சி, நீலம் பால், பச்சை பாரெவ். ஹல்லாவுக்குப் பச்சை நாடா ஒட்டிய சாமான் மட்டும்.

பாண் பாரெவாக இருக்கவேண்டும். பால் கலந்த பாணை இறைச்சிச் சாப்பாட்டோடு தெரியாமல் சாப்பிட்டுவிடக்கூடும் என்று அதை ரப்பிகள் (யூத மதகுருமார்) அந்தக் காலத்திலேயே தடுத்துவிட்டார்கள். ஆகவே பட்டர் இல்லை, பால் இல்லை, மேலே பூசவும் பால் இல்லை. மார்ஜரினை நம்பவேண்டாம், சிலவற்றில் பால்பொருள் இருக்கும். எண்ணெய்தான் பாதுகாப்பு. பொட்டலங்களில் கோஷர் முத்திரை இருக்கிறதா என்று மோராவிடம் ஒருமுறை காட்டிவிட்டு உறையைப் பிரியுங்கள். கடலை, பாதாம், கஜு எதுவும் உள்ளே வராது. ஒவ்வாமைக்காகப் பள்ளி விதி ஒன்று. அதோடு அஷ்கனாசி (ஐரோப்பிய வழி யூதர்) வழக்கத்தில் ரோஷ் ஹஷானாவில் கொட்டை வகை தின்னமாட்டார்கள். கொட்டைக்கான ஹீப்ருச் சொல்லின் எழுத்துக் கணக்கு "பாவம்" என்ற சொல்லின் கணக்கோடு பொருந்துகிறதாம். நம்மூர் எண்கணித சாத்திரிமார் கேட்டால் சந்தோசப்படுவார்கள்.

படி 2: அளவு

முப்பது பிள்ளைகளுக்கு, ஆளுக்கு 60 கிராம் மா உருண்டை வரும் கணக்கு:

பாண் சுடும் வெள்ளை மா 1 கிலோ, வெந்நீர் 400 மில்லி (கை பொறுக்கும் சூடு), முட்டை 3, சூரியகாந்தி எண்ணெய் 120 மில்லி, சீனி 120 கிராம், உப்பு 16 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம் பொட்டலம் இரண்டு. பிளம்ஸ் (முந்திரிகை வற்றல்) 200 கிராம் வேறாக. மேலே பூச இன்னொரு முட்டை.

இதே அளவை இரண்டு தரம் குழையுங்கள். ஒன்று பிள்ளைகளுக்கு, மற்றது மண்டபத்தில் வைக்க இரண்டு பெரிய வட்டங்களுக்கு. ஏன் மொத்தம் 2 கிலோ என்பது படி 3-இல் வரும்.

கப் கணக்கில் அளக்காதீர்கள், தராசு வையுங்கள். இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. மெஷினில் குழைப்பதும் வேண்டாம். பிள்ளைகள் வந்திருப்பதே கையில் மா ஒட்டத்தான்.

மாவை அரிதட்டில் அரித்தே சேருங்கள். பூச்சி புழு வாயில் போகக்கூடாது என்பதில் இவர்கள் கடுமை. பிளம்ஸையும் நீரில் போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். முட்டையை நேராக மாவில் உடைக்கவேண்டாம். ஒவ்வொன்றையும் கண்ணாடிக் குவளையில் உடைத்து, இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊற்றவேண்டும். பொட்டு இருந்தால் அந்த முட்டை குப்பைக்கு. இந்தப் பரிசோதகர் வேலைக்குப் பிள்ளைகளுக்குள் அடிபிடி நடக்கும், முன்பே பெயர் எழுதி வையுங்கள்.

குழைத்து முந்தின நாள் பின்னேரமே குளிர்பெட்டியில் வைப்பதுதான் என் விருப்பம். காலையில் எடுத்தால் மா இறுக்கமாக, உருட்ட வசமாக இருக்கும். காலையில் குழைத்துப் பொங்கவைத்துச் சுட்டு முடிக்கப் பள்ளி மணி விடாது.

படி 3: மாவிலிருந்து ஒரு துண்டு எடுத்தல்

இது மோராவின் வேலை, நீங்கள் ஒழுங்கு பண்ணிக் கொடுத்தால் போதும். ஹல்லா என்பது உண்மையில் பாணின் பெயரே அல்ல. ஜெருசலேமில் யூதர்களின் கோயில் இருந்த காலத்தில் மாவிலிருந்து பூசாரிகளுக்கு எடுத்து வைத்த பங்கின் பெயர். இன்று கோயில் இல்லை. ஒலிவக்காய் அளவு துண்டொன்றைக் கிள்ளி, ஃபொயிலில் சுற்றி எரித்துவிடுகிறார்கள். பழைய நூல்களில் இதற்குரிய மா அளவு 43 முட்டையும் ஒரு ஐந்திலொரு பங்கும் பிடிக்கும் இடம். இன்றைய நிறையில் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். எங்கள் மோராவின் கணக்கில் 1.2 கிலோ மாவுக்குக் குறைந்தால் எடுக்கத் தேவையில்லை, சுமார் 1.67 கிலோவுக்கு மேல் போனால்தான் ஆசி சொல்லி எடுக்கலாம்.

பிள்ளைகளுக்கு அந்த ஆசியைச் சொல்லிக் காட்டவேண்டும் என்பதால்தான் 2 கிலோ. இரண்டு மாவையும் ஒரே பெரிய கோப்பையில் ஒன்றோடொன்று முட்ட வைத்துக் கொடுங்கள். முதல் வருடம் நான் 1 கிலோவை மட்டும் நீட்டிவிட்டு, மோரா ஏன் தராசைப் பார்க்கிறார் என்று விளங்காமல் நின்றேன்.

படி 4: பிள்ளைகளின் வட்டம்

ஏழு வயதுப் பிள்ளைக்கு நான்கு இழைப் பின்னல் சரிவராது. ஒரே கயிறு போதும். 60 கிராம் உருண்டையை 25 சென்ரிமீற்றர் கயிறாக உருட்டி, கொஞ்சம் தட்டையாக்கி, பிளம்ஸ் ஐந்தாறு வைத்து மடித்து மூடி, நத்தை ஓடு போலச் சுற்றி, வாலை அடியில் செருகவேண்டும். பிளம்ஸ் வெளியே தெரிந்தால் கருகிக் கசக்கும். இறுக்கிச் சுற்றினால் நடு மட்டும் கோபுரம் போல எழும்பி ஒரு பக்கம் சாயும். "காத்துப் போக இடம் விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருங்கள்.

பெயர் எழுதுவது பென்சிலால், பேக்கிங் தாளின் மூலையில். பேனா வேண்டாம். ஒருமுறை பேனாவில் எழுதி, எண்ணெய் பட்டு மை கலைந்து, முப்பது நத்தைக்கு முப்பது சொந்தக்காரர் தேட வேண்டியதாயிற்று.

ரோஷ் ஹஷானாவுக்கு முந்தின எலூல் மாதம் என்பதால் எங்கள் பள்ளியில் காலையில் ஷோஃபார் ஊதுவார்கள். ஆட்டுக்கடாக் கொம்பு அது. உருட்டிக்கொண்டிருக்கும்போது மண்டபத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தால் எல்லாக் கையும் அப்படியே நிற்கும். நீளமாக ஒன்று, உடைந்து மூன்று, பிறகு விம்மி விம்மி ஒன்பது. கோயில் சங்குக்கும் அதற்கும் வெகுதூரம் இல்லை என்று எனக்குள் நினைத்துக்கொள்வேன்.

படி 5: பெரிய வட்டம் (நான் விழுந்த இடம்)

இரண்டாவது மாவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நான்காக்கி, ஒரு முழ நீளக் கயிறுகளாக உருட்டுங்கள். நடு தடிப்பு, நுனி மெலிவு.

இரண்டு கயிற்றை நெடுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றாவதைக் குறுக்கே, இடது நெடுக்குக் கயிற்றின் மேலாலும் வலதின் கீழாலும் விடுங்கள். நான்காவதை அதற்குக் கீழே, மாறி: இடதின் கீழால், வலதின் மேலால். நடுவில் சின்னச் சதுரம், நாலு பக்கமும் இரண்டிரண்டாக எட்டு வால். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று அடியிலிருந்து வரும், மற்றது மேலாலே வரும். அப்படி இல்லையென்றால் தொடக்கமே பிழை, அவிழ்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

முதல் சுற்று: அடியிலிருந்து வரும் நான்கு வாலையும் தன் சோடியின் மேலால் தாண்டவிடுங்கள், மணிக்கூடு சுற்றும் திசையில்.

இரண்டாம் சுற்று திசை மாறும். இப்போது அடியில் அகப்பட்ட நான்கு வாலும் எதிர்த்திசையில் தாண்டவேண்டும். எதன் மேலால்? இங்கேதான் நான் முதல் வருடம் முழுதாக ஒரு மணித்தியாலம் தொலைத்தேன். பழைய சோடியின் மேலாலேயே திருப்பிப் போட்டேன். போட்டால் என்ன ஆகும், முதல் சுற்று அவிழும். இரண்டு சுற்றுப் பின்னியும் நான்கு கயிறும் தொடங்கின இடத்திலேயே கிடந்தன. மூன்று வீடியோ பார்த்தேன், மூன்றிலும் கை வேகமாக ஓடியது, விளங்கவில்லை.

பிறகுதான் அம்மம்மா பனையோலைப் பெட்டி இழைப்பது ஞாபகம் வந்தது. ஓர் ஓலை ஒரு முறை அயலோடு சேர்ந்தால் அடுத்த முறை மூலையைக் கடந்து மற்றப் பக்கத்து ஓலையோடு சேரும். அதேதான் இதுவும். சோடி மாறவேண்டும். அடியில் கிடக்கும் வால், மூலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வந்து நிற்கும் வாலின் மேலால் தாண்டவேண்டும்.

நீளம் மிச்சம் இருந்தால் மூன்றாம் சுற்று மறுபடி மணிக்கூட்டுத் திசையில். முடிந்ததும் நுனிகளைச் சோடியாக நசுக்கி அடியில் செருகுங்கள். முதலில் நான்கு நூல் கயிற்றை மேசையில் போட்டு இரண்டு தரம் பழகிவிட்டு மாவுக்கு வாருங்கள்.

படி 6: அவண், கவனம்

முதல் வருடம் நல்ல பிள்ளை மாதிரி எல்லாருக்கும் முன்னே போய், அவணை 180-இல் போட்டு வைத்தேன். மோரா வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நிறுத்தினார், உடனே தானே திரும்பப் போட்டார். பிழையாகப் போட்டுவிட்டேனோ என்று சூட்டு முள்ளைப் பார்த்தேன். அதே 180.

யூதர் அல்லாதவர் தனியே சுட்ட பாண் குறித்துப் பழைய விலக்கு ஒன்று உண்டு. நெருப்பு மூட்டுவதில் யூதர் ஒருவரின் கை பட்டிருந்தால் போதும். மற்ற நாளில் பேக்கரிப் பாண் விஷயத்தில் இளக்கமாக இருப்பவர்கள்கூட ரோஷ் ஹஷானாவிலிருந்து யோம் கிப்பூர் என்ற நோன்பு நாள் வரையான பத்து நாளும் இதில் கவனமாக இருப்பார்கள். மோரா சொன்ன விதம் மென்மையானதுதான். எனக்குத்தான் கொஞ்ச நேரம் முகம் சுண்டிப் போயிருந்தது.

அடுத்த வருடம் அவணைத் தொடவேயில்லை. ஆனால் முதல் தட்டு வெந்து வெளியே வந்ததும், கரண்டை மிச்சம் பிடிக்கும் பழக்கத்தில் கை தன்பாட்டில் போய் நிறுத்திவிட்டது. இரண்டாம் தட்டோடு நின்றுகொண்டு மோராவைத் தேடிப் பள்ளி முழுக்க ஓடினேன். இப்போது சுவிச்சுக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: "தொடாதே". தமிழில்தான். எனக்கு மட்டும்தானே எழுதினேன்.

நத்தைகளுக்கு 15 முதல் 18 நிமிடம். பெரிய வட்டத்துக்கு 35 நிமிடமாவது, சீனியும் முட்டையும் சீக்கிரம் நிறம் பிடிக்கும், பாதியில் ஃபொயில் மூடுங்கள். முட்டையை இரண்டு தரம் பூசுங்கள், போடுமுன் ஒன்று, பத்து நிமிடம் பொறுத்து இன்னொன்று. அடியில் தட்டினால் பொள்ளென்று கேட்கவேண்டும்.

தேனும் அப்பிளும்

பரிமாறும்போதுதான் அப்பிளை வெட்டுங்கள். கறுக்காமலிருக்கத் தேசிக்காய்ப்புளி விடலாமே என்று நினைத்தேன். இனிப்பான வருடம் வேண்டும் நாளில் புளி எதற்கு என்று மோரா சிரித்தார். தேன் கலந்த நீரில் போட்டு வைத்தேன், சமாளித்தது. தேனைச் சின்னக் காகிதக் கோப்பையில் ஆளுக்கொன்றாகக் கொடுங்கள், பெரிய கிண்ணத்தில் வைத்தால் கதவுப் பிடி வரை ஒட்டும். பெற்றோர் கைக்குழந்தையோடு வருவார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தொட்டும் வைக்கக்கூடாது, அறிவித்துவிடுங்கள்.

கேள்விகள் வந்தபின் சேர்த்தது

முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். முட்டைக்குப் பதில் 120 மில்லி தண்ணீரும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் கூட்டுங்கள். சுட்டதும் சூட்டோடு தேன்நீர் பூசுங்கள். ஆனால் அந்த மாவைத் தனிப் பலகையில் உருட்டவேண்டும். நான் இப்போது வகுப்பு முழுவதுக்குமே முட்டையில்லாமல் குழைத்துவிடுகிறேன்.

இன்னொன்று நான் யோசிக்காதது. செபராடி (ஸ்பெயின் வழி யூதர்) குடும்பத்துத் தாய் ஒருவர், "இவ்வளவு இனிப்பென்றால் எங்களுக்கு இது பாண் கணக்கில் வராது, கேக் கணக்கு" என்றார். இனிப்பு நாக்கில் தெரிந்தால் அவர்கள் வழக்கத்தில் சொல்லும் ஆசியே வேறு. அஷ்கனாசியருக்கு அந்தச் சிக்கல் இல்லை. வகுப்பில் இரண்டு வழக்கத்தவரும் இருந்தால் சீனியை 40 கிராமாகக் குறைத்து, பிளம்ஸை விட்டுவிடுங்கள். தேன் தொட்டுத் தின்னத்தானே போகிறார்கள்.

அந்தத் தாய்தான் அவர்கள் வீட்டு மேசையில் அன்றிரவு வரும் பண்டங்களையும் சொன்னார்: பேரீச்சை, லீக்ஸ், பூசணி, மீன் தலை, பிறகு "ரூபியா" என்று ஒரு பயறு. படத்தைக் காட்டினார். நம்ம கௌபி! தல்மூத் என்ற பழைய யூத நூலில் வரும் அந்த ரூபியா வெந்தயம்தான் என்று 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி எழுதியிருக்கிறாராம். கௌபியோ வெந்தயமோ, இரண்டும் என் அலுமாரியில் இருக்கிறது. அடுத்த பதிவு அதைப் பற்றி.

2026-இல் ரோஷ் ஹஷானா செப்டம்பர் 11 வெள்ளி மாலையே தொடங்குகிறது. பள்ளி திறந்து மூச்சு விட நேரம் இராது, மாவுக்கும் ஈஸ்டுக்கும் ஜூலையிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.